அன்று ஆசியாவின் தங்கப் பதக்க அணி, இன்று ஆசியக் கோப்பையில் இடமில்லை: இந்தியக் கால்பந்துக்கு என்ன ஆனது?

2025 அக்டோபர் 14 அன்று கோவாவின் மட்காவில் சிங்கப்பூருக்கு எதிரான ஆட்டம். 14ஆவது நிமிடத்தில் லாலியன்ஜுவாலா சாங்டே கோல் அடித்து இந்தியாவுக்கு முன்னிலை தந்தார். பிறகு சிங்கப்பூரின் சோங் உய்-யங் இடைவேளைக்குச் சற்று முன்பு ஒன்றும், அதன்பின் ஒன்றுமாக இரண்டு கோல் போட்டார். 1-2 என்று தோற்றதோடு 2027 ஆசியக் கோப்பையில் ஆடும் வாய்ப்பு இந்தியாவுக்குப் போய்விட்டது. அடுத்த மாதமே டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1. அந்த அணியிடம் இந்தியா தோற்றது 22 ஆண்டுகளுக்குப் பிறகு அதுவே முதல் முறை. ஃபிஃபா தரவரிசையில் இந்தியா 142ஆம் இடத்துக்கு இறங்கியது.

செய்திகளைப் பார்ப்பவர்களுக்குக் குழப்பம் வருவது இயல்புதான். ஜப்பானையும் தென் கொரியாவையும் தோற்கடித்து 1962இல் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்ற நாடு இது. தெற்காசியக் கோப்பையை ஒன்பது முறை வென்ற அணி இது. 2023 ஜூலையில்கூட தரவரிசையில் 99ஆம் இடத்தில் இருந்தது. அப்படியிருக்க, 24 அணிகள் ஆடும் ஆசியக் கோப்பையில் ஓர் இடம் பிடிக்க முடியாமல் போனது எப்படி? இதற்கு விடை காண, பல தொடர்களின் பெயர்கள் ஒன்றோடொன்று கலந்துகிடப்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எந்தத் தொடர் எது?

1. உலகக் கோப்பை: ஃபிஃபா நடத்துவது. நாட்டின் மூத்த அணி, வயது வரம்பு இல்லை. 2026 தொடரில் 48 அணிகள். ஆசியாவுக்கு நேரடியாக 8 இடங்கள்.

2. ஆசியக் கோப்பை: ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு, அதாவது ஏஎஃப்சி நடத்துவது. கண்டத்தின் உண்மையான சாம்பியன் யார் என்பதை முடிவுசெய்யும் தொடர் இதுதான். 1956இல் தொடங்கியது. 1964இல் 4 அணிகள், 1984இல் 10, 2004இல் 16, 2019 முதல் 24.

3. ஆசிய விளையாட்டுப் போட்டிகள்: ஒலிம்பிக் பாணியில் பல விளையாட்டுகள் நடக்கும் விழா. அதில் கால்பந்தும் ஒன்று. ஒரு காலத்தில் மூத்த அணிகள் ஆடின. 2002 முதல் இது 23 வயதுக்குட்பட்டோர் தொடர். ஒருசில மூத்த வீரர்களுக்கு மட்டும் அனுமதி.

4. ஒலிம்பிக்: தொடக்கத்தில் தொழில்முறை அல்லாத வீரர்களுக்கானது. 1992 முதல் 23 வயது வரம்பு.

5. தெற்காசியக் கோப்பை: சாஃப் என்று அழைக்கப்படுவது. இந்தியா, வங்கதேசம், நேபாளம், மாலத்தீவு, இலங்கை போன்ற நாடுகளுக்கானது. 2023இல் குவைத், லெபனான் அணிகள் அழைப்பின் பேரில் ஆடியதும் உண்டு.

இந்தியாவின் பழைய பெருமைகளில் பெரும்பாலானவை மூன்றாவதையும் நான்காவதையும் சேர்ந்தவை. இப்போது வரும் வேதனையான செய்திகள் முதல் இரண்டைப் பற்றியவை. வெவ்வேறு தராசில் நின்ற எடைகளை ஒரே கோட்டில் வைத்துப் பார்ப்பதால்தான் வீழ்ச்சி திடீரென்று நடந்தது போலத் தோன்றுகிறது.

பொற்காலத்தில் உண்மையில் என்ன நடந்தது?

1948 லண்டன் ஒலிம்பிக்கில்தான் சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஆட்டம். பிரான்ஸுக்கு எதிராகப் பெரும்பாலான வீரர்கள் பூட்ஸ் போடாமல் ஆடினார்கள். சாரங்கபாணி ராமன் கோல் அடித்தார். இரண்டு பெனால்டிகள் வீணாயின. கடைசி நேரத்தில் வந்த கோலால் 1-2 என்று தோல்வி. அந்தத் தோல்விக்கே லண்டனில் பாராட்டு கிடைத்தது.

1951இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் இறுதியாட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம். கோல் அடித்தவர் மேவாலால். அப்போது கலந்துகொண்டவை ஆறே அணிகள். அடுத்த ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 1-10. வெறுங்கால் ஆட்டம் அத்தோடு முடிந்தது. வீரர்கள் பூட்ஸ் அணிந்தே ஆட வேண்டும் என்று இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் விதித்தது.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். இதுதான் அதிகம் மேற்கோள் காட்டப்படும் சாதனை. ஆகவே கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஹங்கேரி விலகியதால் முதல் சுற்று ஆடாமலேயே கடந்தது. காலிறுதியில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றது. நெவில் டிசோசா மூன்று கோல் அடித்து, ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆசியர் ஆனார். அரையிறுதியில் யுகோஸ்லாவியாவுக்கு எதிராக முதலில் கோல் போட்டது இந்தியாதான், அதுவும் டிசோசாதான். ஆனால் ஆட்டம் 1-4 என்று முடிந்தது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0-3. மொத்தம் ஆடியது மூன்று ஆட்டம், வென்றது ஒன்று. சாதனையைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. யுகோஸ்லாவியாவுக்கு எதிராக ஒலிம்பிக் அரையிறுதியில் முன்னிலை பெற்றது எந்த ஆசிய அணிக்கும் பெரிய விஷயம். ஆனால் 'உலகின் நான்காவது சிறந்த அணி' என்று பலர் எழுதுவது தவறு. 11 அணிகள் ஆடிய, தொழில்முறை வீரர்கள் இல்லாத தொடர் அது.

1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்ஸுடன் 1-1, ஹங்கேரியிடம் 1-2, பெருவிடம் 1-3. பெருவுக்கு எதிரான அந்த ஒரு கோலை அடித்தவர் தமிழகத்தின் சைமன் சுந்தரராஜ். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா கடைசியாக அடித்த கோல் இன்றுவரை அதுதான்.

பொற்காலத்தின் உச்சம் என்று நான் கருதுவது 1962 ஜகார்த்தாவை. பயிற்சியாளர் ஹைதராபாத்தின் சையது அப்துல் ரஹீம், அடிப்படையில் ஒரு பள்ளி ஆசிரியர். முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0, அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இடம் தராததை இந்தியாவின் விளையாட்டு நிர்வாகி ஜி.டி. சோந்தி கண்டித்திருந்ததால் ஜகார்த்தா ரசிகர்கள் இந்தியர்கள் மீது கடும் கோபத்தில் இருந்தார்கள். இறுதியாட்டம் முழுக்க அரங்கமே எதிர்ப்புக் குரலில். தடுப்பாட்டக்காரரான ஜர்னைல் சிங்குக்கு அதற்கு முன் ஓர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தார்கள். ரஹீம் அவரை உட்காரவைக்காமல் முன்கள வீரராக இறக்கினார். இறுதியாட்டத்தில் பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் சிங் ஒன்று. தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம். கோல்காப்பில் பீட்டர் தங்கராஜ், தலைமையில் சுனி கோஸ்வாமி. உண்மையான அணி, உண்மையான வெற்றி. ஆனால் அடுத்த ஆண்டு ஜூனில் ரஹீம் புற்றுநோயால் இறந்துபோனார். அவர் இடத்தை நிரப்பும் அமைப்பு எதுவும் உருவாக்கப்படவில்லை.

1964 ஆசியக் கோப்பையில் இரண்டாமிடம், 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் ஜப்பானை 1-0 என்று வென்று வெண்கலம். ஆசிய விளையாட்டில் ஆண்கள் அணி வாங்கிய கடைசிப் பதக்கம் அதுதான்.

1950 உலகக் கோப்பையும் வெறுங்கால் கதையும்

'பூட்ஸ் போடாமல் ஆட ஃபிஃபா அனுமதிக்கவில்லை, அதனால் இந்தியா உலகக் கோப்பைக்குப் போகவில்லை' என்ற கதையைக் கேட்காதவர்கள் குறைவு. வாட்ஸ்அப்பில் ஆண்டுதோறும் வலம்வரும் இது காரணமாக நிற்காது.

இந்தியா தகுதி பெற்றதே ஆடி அல்ல. தகுதிச்சுற்றில் இருந்த பர்மா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா மூன்றும் விலகியதால் இடம் தானாகக் கிடைத்தது. இத்தாலி, ஸ்வீடன், பராகுவே இருந்த பிரிவில் இந்தியா சேர்க்கப்பட்டது. பயணச் செலவில் பெரும்பங்கை ஏற்க பிரேசில் முன்வந்தது. அப்படியும் சம்மேளனம் விலகியது. அதிகாரபூர்வமாகச் சொன்ன காரணங்கள், அணித் தேர்வில் கருத்து வேறுபாடு, பயிற்சிக்குப் போதிய நேரமின்மை. வெறுங்கால்தான் தடை என்றால், இரண்டு ஆண்டு கழித்து ஹெல்சிங்கியில் அதே ஃபிஃபா விதிகளின் கீழ் பல இந்திய வீரர்கள் பூட்ஸ் இல்லாமல் ஆடியது எப்படி?

அன்றைய சம்மேளனத்துக்கு ஒலிம்பிக்தான் பெரிது, உலகக் கோப்பையின் மதிப்பு புரியவில்லை. அன்றைய கேப்டன் சைலேன் மன்னாவும் பின்னாளில் இதையே கூறினார். விலகியது இந்தியா மட்டும் அல்ல. ஸ்காட்லாந்தும் துருக்கியும் விலகின, தொடர் 13 அணிகளோடு நடந்தது. ஆக 1950இல் வீட்டிலேயே இருந்ததைப் பெரும் குற்றமாகச் சொல்லமாட்டேன். பெரும் தவறு அதன் பிறகு நடந்தது.

ஆடாமல் போன ஆண்டுகள்

உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் இந்தியா முதல் ஆட்டத்தை ஆடியது 1985இல். இடைப்பட்ட காலம் முழுக்க ஆசியாவின் மேல்வரிசை அணி ஒன்று ஒரு தகுதியாட்டத்தில்கூட இறங்கவில்லை. 1970களில் நடந்த ஆசியக் கோப்பைகளிலும் அப்படியே. மலேசியாவின் மெர்டேக்கா கோப்பை போன்ற அழைப்புத் தொடர்களும் ஆசிய விளையாட்டும் போதும் என்று இருந்துவிட்டார்கள். உள்ளூரில் ஆட்டங்கள் நெடுங்காலம் 90 நிமிடத்துக்குப் பதில் 70 நிமிடமே ஆடப்பட்டன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வெளிநாட்டு மைதானத்தில் கடைசி 20 நிமிடம் கால் கனப்பதற்கு உடல்வாகு காரணம் இல்லை.

அதே நேரத்தில் மற்றவர்கள் என்ன செய்தார்கள்? ஈரான் 1968, 1972, 1976 என்று மூன்று ஆசியக் கோப்பைகளைத் தொடர்ந்து வென்றது. ஜப்பான் 1968 ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றது. 1993இல் தொழில்முறை லீக்கைத் தொடங்கி 1998இல் உலகக் கோப்பையை எட்டியது. தென் கொரியா 1983இலேயே தொழில்முறை லீக்கைத் தொடங்கிவிட்டது. எண்ணெய் வருமானத்தோடு வளைகுடா நாடுகள் புதிதாக வந்தன: சவூதி அரேபியா முதல்முறை ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்ற 1984இலேயே அதை வென்றது.

அதே 1984 தொடரில் இந்தியாவும் சிங்கப்பூரில் ஆடியது. நான்கு ஆட்டம், ஈரானுடன் 0-0 ஒன்று மட்டுமே ஆறுதல், ஒரு கோலும் இல்லை. இந்தியாவில் நாடு தழுவிய லீக் என்று ஒன்று வந்ததே 1996இல்தான். அதுவரை கல்கத்தா லீக், மாநிலங்களுக்கிடையேயான சந்தோஷ் கோப்பை, டுராண்ட், ரோவர்ஸ் போன்ற நாக்-அவுட் தொடர்கள். நாக்-அவுட்டில் தோற்ற அணி அன்றே ஊர் திரும்பும். ஒரு வீரருக்கு ஆண்டு முழுக்கச் சீரான ஆட்டம் கிடைக்க வழியில்லை.

தரவரிசை ஏறுவதும் இறங்குவதும் எப்படி?

இந்தியாவின் சிறந்த இடம் 1996 பிப்ரவரியில் 94, மோசமானது 2015 மார்ச்சில் 173. 2018 முதல் ஃபிஃபா புதிய கணக்கைப் பயன்படுத்துகிறது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஓர் 'எதிர்பார்ப்பு' உண்டு. கிடைத்த முடிவுக்கும் எதிர்பார்ப்புக்கும் உள்ள வித்தியாசத்தை ஆட்டத்தின் எடையால் பெருக்கிப் புள்ளிகளில் கூட்டுவார்கள் அல்லது கழிப்பார்கள். ஃபிஃபா காலண்டரில் வரும் நட்பாட்டத்துக்கு எடை 10, தகுதிச்சுற்றுக்கு 25, ஆசியக் கோப்பையில் காலிறுதிக்கு முந்தைய ஆட்டங்களுக்கு 35.

நம்மைவிட 100 புள்ளி குறைந்த அணியோடு தகுதியாட்டம் என்று வைத்துக்கொள்வோம். எதிர்பார்ப்பு சுமார் 0.6.

1. வென்றால் (1): 0.4 × 25, சுமார் 10 புள்ளி கூடும்.

2. சமன் செய்தால் (0.5): 0.1 × 25, சுமார் 2.5 புள்ளி குறையும்.

3. தோற்றால் (0): 0.6 × 25, சுமார் 15 புள்ளி போகும்.

அதே அணியை நட்பாட்டத்தில் வென்றால் கிடைப்பது 4 புள்ளிதான். தெற்காசியக் கோப்பை போன்ற பிராந்தியத் தொடர்களுக்கும் நட்பாட்டத்தின் எடைதான். ஆகவே சிறிய வெற்றிகளைச் சேர்த்துச் சேர்த்து ஏறிய அணி, ஒரு பெரிய தொடரில் சறுக்கினால் மொத்தத்தையும் இழந்துவிடும். 2023இல் நடந்தது இதுவே. பெங்களூரில் குவைத்தைப் பெனால்டியில் வென்று ஒன்பதாவது சாஃப் கோப்பை, தரவரிசையில் 99. அடுத்த ஜனவரியில் கத்தார் ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. பிப்ரவரிப் பட்டியலில் 117. அணி ஆறு மாதத்தில் கெட்டுப்போய்விடவில்லை. 99 என்ற எண் காட்டிய அளவுக்கு அது வலுவாகவும் இருந்திருக்கவில்லை.

இரண்டு புள்ளி: 2024இல் தவறியது

ஆசியக் கோப்பைக்கான தகுதிச்சுற்று உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றோடு இணைந்தே தொடங்கும். இரண்டாம் சுற்றில் 36 அணிகள், 9 பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு அணிகளுக்கு ஆசியக் கோப்பை உறுதி. எஞ்சிய 6 இடங்களுக்கு 24 அணிகள் மீண்டும் மோத வேண்டும். நான்கு பேர் கொண்ட பிரிவில் ஒருவருக்கே இடம்.

இந்தியாவின் பிரிவில் கத்தார், குவைத், ஆப்கானிஸ்தான். தொடக்கம் நன்றாகவே இருந்தது. குவைத்தில் போய் 1-0 என்று வென்றது. பிறகு ஆப்கானிஸ்தானோடு 0-0. 2024 மார்ச் 26 அன்று குவாஹாத்தியில், சுனில் சேத்ரி அடித்த கோலால் முன்னிலை பெற்றும், ஆப்கானிஸ்தானிடம் 1-2 தோல்வி. ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் சேத்ரியின் விடைபெறும் ஆட்டத்தில் குவைத்தோடு 0-0. கடைசி ஆட்டம் தோஹாவில். சாங்டே கோலால் இந்தியா முன்னிலை வகித்தபோது, எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தைச் சக வீரர் உள்ளே இழுத்துத் தர, கத்தாரின் யூசுஃப் அய்மன் அடித்த கோலை நடுவர் ஏற்றார். வீடியோ நடுவர் வசதி அந்தச் சுற்றில் இல்லை. 1-2 தோல்வி. குவைத் 7 புள்ளி, இந்தியா 5.

அந்தக் கோல் அநியாயம், அதில் ஐயமில்லை. வென்றிருந்தால் 8 புள்ளியோடு இரண்டாமிடம் இந்தியாவுக்கே. ஆனால் குவாஹாத்தி ஆட்டத்தை வென்றிருந்தாலே தோஹாவில் யார் என்ன செய்தாலும் இந்தியா முன்னேறியிருக்கும். ரசிகர்களின் ஆத்திரம் முழுக்கத் தோஹா நடுவர் மீது போனதில், சொந்த மண்ணில் தரவரிசையில் நம்மைவிடப் பின்தங்கிய அணியிடம் தோற்றது மறந்துபோனது.

அதன் விளைவுதான் 2025. அடுத்த சுற்றில் ஹாங்காங், சிங்கப்பூர், வங்கதேசம் இருந்த பிரிவு. தரவரிசைப்படி இந்தியாதான் முதல் அணி. ஷில்லாங்கில் வங்கதேசத்தோடு 0-0, ஹாங்காங்கில் ஆட்டம் முடியும் தறுவாயில் வந்த பெனால்டியில் 0-1, சிங்கப்பூரில் 1-1, மட்காவில் 1-2. சிங்கப்பூர் தகுதி பெற்றது.

கோல் அடிக்க ஆள் எங்கே?

2024 ஜூனில் ஓய்வு பெற்றபோது சேத்ரியின் கணக்கு 94 சர்வதேச கோல்கள். 2025 மார்ச்சில், 40 வயதில், அவரையே திரும்ப அழைத்தார்கள் என்றால் பின்னால் யாரும் இல்லை என்று பொருள். இதற்கு லீக்கின் அமைப்பும் ஒரு காரணம். 2014இல் இந்தியன் சூப்பர் லீக், அதாவது ஐஎஸ்எல் தொடங்கியபோது களத்தில் 6 வெளிநாட்டு வீரர்கள்வரை ஆடலாம். பிறகு 5, 2021 முதல் 4. கோல் அடிக்கும் நடுமுன்கள இடத்தைக் கிளப்புகள் முதலில் வெளிநாட்டவருக்கே தருகின்றன. இந்திய இளைஞர் ஒருவர் ஓரக்களத்தில் ஆடலாம், பெனால்டி எல்லைக்குள் நின்று பழகும் வாய்ப்பு அரிது. ஆசியக் கோப்பையில் ஒரு கோலும் இல்லாமல் திரும்பியதை இதோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

பிற நாடுகள் வம்சாவளி வீரர்களை அழைக்கின்றன. இங்கிலாந்தில் பிறந்த ஹம்சா சவுத்ரி வங்கதேசத்துக்காக முதல் ஆட்டம் ஆடியதே ஷில்லாங்கில் இந்தியாவுக்கு எதிராகத்தான். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால்தான் நாட்டுக்கு ஆட முடியும். ஆஸ்திரேலியாவில் பிறந்த ரயன் வில்லியம்ஸ் அந்நாட்டுக் குடியுரிமையைத் துறந்து 2025இல் இந்தியக் குடிமகனானார். எல்லாரும் அந்த விலையைக் கொடுக்க முன்வரமாட்டார்கள். ஆகவே இதை முழுத் தீர்வாக நம்பியிருப்பது பயன் தராது.

பெண்கள் அணியின் கணக்கு வேறு. 2025 ஜூலை 5 அன்று சியாங் மாயில் தாய்லாந்தை 2-1 என்று வென்று, சங்கீதா பாஸ்ஃபோரின் இரண்டு கோல்களால், தகுதிச்சுற்று வழியாக முதல்முறை பெண்கள் ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது அந்த அணி.

அடுத்து எதைப் பார்க்க வேண்டும்?

2026 உலகக் கோப்பைக்கு உஸ்பெகிஸ்தானும் ஜோர்டானும் முதன்முறையாகத் தகுதி பெற்றன. 48 அணிகளாக விரிந்த தொடரில் ஆசியாவின் கதவு முன்னைவிட அகலமாகத் திறந்திருக்கிறது. ஆனால் 2025இல் உள்நாட்டில் நிலைமை தலைகீழாக இருந்தது. சம்மேளனத்துக்கும், லீக்கை நடத்திய வணிகக் கூட்டாளிக்கும் இடையே 2010இல் போட்ட 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிந்தது. புதிய ஏற்பாடு முடிவாகாததால், செப்டம்பர் வாக்கில் தொடங்கியிருக்க வேண்டிய ஐஎஸ்எல் அந்த ஆண்டு முழுக்கத் தொடங்கவே இல்லை. சிங்கப்பூரையும் வங்கதேசத்தையும் சந்தித்த இந்திய வீரர்களில் பலர் லீக் ஆட்டமே இல்லாமல் களமிறங்கியவர்கள். 2025 ஆகஸ்டில் பொறுப்பேற்ற பயிற்சியாளர் காலித் ஜமீல் பலகையில் வரையும் ஆட்ட உத்திகளைவிட, ஒரு வீரருக்கு ஆண்டுக்கு எத்தனை போட்டி ஆட்டம் கிடைக்கிறது என்ற எண்தான் அடுத்த தகுதிச்சுற்றுக்கு முன்னால் கவனிக்க வேண்டியது.